கோவிந்தராசு அண்ணனின் இடது கால்

பம்பை கட்டி நிற்கிறவனுக்கு மணி பார்க்க வழி கிடையாது. இரண்டு கையிலும் குச்சி இருக்கும். அன்றைக்கு நான் நேரம் பார்த்தது என் நிழலை வைத்துத்தான். வாய்க்காலிலிருந்து கரகம் எழும்பித் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுச் சுவர்வரை நீண்டிருந்த நிழல், இப்போது என் காலடியில் சுருண்டு கிடந்தது. அப்படியானால் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. தெருவில் இன்னும் முப்பது வீடு பாக்கி.

பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையோடு போனால் வரும் ஊர் அது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. வாசலுக்கு வாசல் பெண்கள் கரகக்காரரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சூடம் காட்டி, விழுந்து எழுந்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. சாமி வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்போது யார் அவசரப்படுவார்கள்?

என் மடியில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று எடுத்துப் பார்க்காமலே தெரியும். பேராவூரணிப் பக்கத்திலிருந்து வசந்தா அண்ணி.

அண்ணியின் வீட்டுக்காரர் கோவிந்தராசு அண்ணன், அன்று பொழுது சாய்வதற்குள் தம் ஊர்க் குளத்தில் இறங்கிக் கரகம் எடுக்க வேண்டும். அதற்கு நான் பம்பை வாசிக்க வேண்டும். நடுவில் மூன்று பஸ் இருந்தது.

ஏன் கார் வாங்கவில்லை

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் வாசிக்கிறீர்களே, ஒரு பழைய காராவது வாங்கியிருக்கக் கூடாதா என்று. என் மனைவியும் இதையேதான் கேட்பாள். அவள் எழுதிக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு தடவை வண்டி ஓட்டப் பழகினேன். தெரிந்தவரின் வேன். இரண்டாம் நாளே ஒருவரின் நாற்றங்காலுக்குள் இறக்கிவிட்டேன். நாற்றுக்குச் சொந்தக்காரர் பேசிய பேச்சு இன்றும் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

தவிர, தேவை இருப்பதாகவும் எனக்குத் தோன்றியதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த ஊருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் வேகமாகப் போவார், எந்த கண்டக்டர் மேளத்தைப் பார்த்ததும் விசில் ஊதிவிடுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் என் பெயரே டைம் கீப்பர்.

பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். பஸ்ஸில் ஏறினால் அதற்கு இடம் டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டிமேல். அந்தச் சூட்டில் தோல் தளராமல் இருக்கும். ஒரு கண்டக்டர், ரெண்டு மேளம் இருக்கு, ரெண்டு லக்கேஜ் போடணும் என்றார். உங்களுக்கு ரெண்டு கால் இருக்கே, ரெண்டு டிக்கெட்டா என்று கேட்டேன். வல்லம் வரைக்கும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

இந்த மனப்பாடத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அன்றைக்கு என்னை மாட்டிவிட்டதும் அந்தத் திமிர்தான்.

தண்ணீர் வராத வாய்க்கால்

ஒரே நாளில் இரண்டு ஊருக்குத் தாம்பூலம் வாங்குவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. நான் அப்படி வாங்கவில்லை. பாபநாசத்து ஊருக்கு வியாழன், அண்ணனின் ஊருக்கு வெள்ளி என்றுதான் பேச்சு.

ஆனால் அந்தப் பாபநாசத்து ஊரில் கரகத்தை ஓடுகிற தண்ணீரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்கு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. புதன்கிழமை வரை வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. ஊர் கூடித் திருவிழாவை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்கள்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் மனசுக்குள் பஸ் போட்டுப் பார்த்தேன். விடியற்காலை கரகம் எழும்பினால் பதினொன்றுக்கு இறங்கிவிடும். பதினொன்றே காலுக்கு டவுன் பஸ். பன்னிரண்டரைக்குத் தஞ்சாவூர். இரண்டரைக்குப் பட்டுக்கோட்டை. மூன்றரைக்குப் பேராவூரணி. குளித்துச் சாப்பிடவே நேரம் இருக்கிறதே என்று சரி சொல்லிவிட்டேன்.

பஸ் நேரம் எல்லாம் தெரிந்த எனக்கு, ஒரு வருடமாகக் காத்திருந்த பெண்கள் ஒரு வாசலில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரியவில்லை.

உடைந்த கலயம்

கோவிந்தராசு அண்ணன் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

அண்ணன் தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறவர். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த ஊர்க் கரகம் அவர் தலையில்தான் ஏறியது, என் பம்பைக்குத்தான் நடந்தது. கரகம் தலையேறிவிட்டால் கோயில் வாசலில் இறங்கும்வரை கீழே வைக்கக் கூடாது, அவர் பேசக் கூடாது, மேளம் ஓயக் கூடாது. கையால் பிடிக்காமல்தான் நடப்பார். பம்பையின் அடிதான் அவருக்குப் பிடிமானம்.

ஒரு வருடம் நான் போய்ச் சேரவில்லை. பட்டுக்கோட்டையில் பஸ்ஸை விட்டுவிட்டேன். காத்துப் பார்த்துவிட்டு வேறு செட்டை வைத்து எடுத்தார்கள். பழகாத அடி. வரப்பு திரும்புகிற இடத்தில் அண்ணன் தடுமாறி விழுந்தார். கலயம் உடைந்தது. இடது முழங்காலும் போயிற்று.

அதே வருடம் மழைக்காலத்தில்தான் அந்தப் புயல் அடித்தது. ஒரு ராத்திரியில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதவர்களுக்கு உடைந்த கலயம் ஞாபகம் வந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவர் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அடுத்த வருடத்திலிருந்து கரகம் வேறு ஒருவர் தலைக்குப் போனது.

அண்ணனிடம் நான் சொன்னது, பஸ் பிரேக்டவுன் ஆகிவிட்டது என்று. அது பொய். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினேன். பக்கத்தில் நின்றவரோடு ஏதோ வாய்ச்சண்டை. திரும்பிப் பார்த்தபோது பஸ் இல்லை, அதில் வைத்திருந்த பம்பையும் இல்லை. ஒரு டீக்காக அந்த மனிதரின் காலும் பேரும் போனது என்பதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

பிறகு அந்த ஊரில் கரகம் எடுப்பவரை அம்மன் முன்னால் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். இந்த ஆடிக்கு அண்ணன் பெயர் வந்தது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் சீட்டை மறுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணன் போன் செய்து ஒன்றுதான் சொன்னார்: "நீ வந்தா எடுக்கறேன். இல்லன்னா வேண்டாம்."

இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய் அவர் வேலை பார்க்கும் தோப்பிலேயே பழகினோம். தலையில் தண்ணீர் நிரப்பிய குடம். அவருக்கு இடது கால் ஊன்ற வலது காலைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது. வழக்கமான நடைக்கு வாசித்தால் குடம் ஆடியது. அதனால் இடது காலுக்கான அடியை அரை மூச்சு தள்ளிப் போட்டேன். கேட்பவர்களுக்கு மேளம் நொண்டுவது போல இருக்கும். குடம் அசையவில்லை.

அந்த அடி வேறு எந்த பம்பைக்காரருக்கும் தெரியாது. அதனால்தான் பாபநாசத்துத் தெருவில் என் நிழல் சுருங்கச் சுருங்க மிச்ச வாசல்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

குலவை

என்னோடு உடுக்கை அடித்துப் பாடியவன் என் மனைவியின் தம்பி ரவி. வாசித்துக்கொண்டே கண்ணைக் காட்டினேன். பாட்டை முடித்துவிட்டு அவன் போய் நாட்டாண்மையிடம் விஷயத்தைச் சொன்னான்.

நாட்டாண்மை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையே போதும். "பம்பை நிக்கிறதுக்கா உங்களக் கூப்புட்டோம்? கரகம் எறங்கட்டும், அப்பறம் எங்க வேணும்னாலும் போங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரி என்று ஒத்துக்கொண்டவன் நான். மேலும் மூன்று வீடு வாசித்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. கை மட்டும் தப்பவில்லை.

நாலாவது வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர் நாட்டாண்மையின் மனைவி. ரவி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரிடம் வந்தார்.

"கால் சரியில்லாத மனுசன் அங்க காத்துக்கிட்டிருக்காருங்கறாங்க. நாங்க இத்தன பேரு நிக்கிறோம், எங்களுக்கு வாயில்லியா? குலவ போட்டுக் கொண்டுபோயிக்கறோம். அவர அனுப்புங்க."

நாட்டாண்மை பதில் சொல்லுமுன் குலவை கிளம்பிவிட்டது. ஒரு வாசலில் தொடங்கியது அடுத்த வாசலுக்கும் அதற்கடுத்த வாசலுக்கும் தாவியது. நான் பம்பையை மெல்லக் குறைத்தேன். கரகக்காரரின் கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு ரவியின் உடுக்கையையும் குலவையையும் பிடித்துக்கொண்டு அந்தக் கால் நடந்தது. குச்சியை இறக்கினேன்.

இப்போது அந்த ஊரில் கடைசித் தெரு முழுக்கக் குலவைதான். பெண்கள் அதை வழக்கமாக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் பம்பைக்காரர் உட்கார்ந்து மோர் குடிக்கலாம். ஆனால் அன்றைக்குப் பாதியில் மேளத்தை நிறுத்திய குற்றம் எனக்குக் குற்றமாகத்தான் இருந்தது.

மூன்று பஸ்

டவுன் பஸ் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாடகைக் காருக்கு ரவி போன் போட்டிருந்தான். கும்பகோணத்திலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்களாம். அந்த நேரத்துக்குள் பஸ்ஸில் தஞ்சாவூரையே தொட்டுவிடலாம். நாட்டாண்மையின் மகள் ஸ்கூட்டியை எடுத்துவந்து நிறுத்தினார். பம்பையை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஆடிக் காற்று மேளத்தில் மோதி எங்களை வாய்க்கால் பக்கமே தள்ளியது. அந்தப் பெண் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

மெயின் ரோட்டில் முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ் நிற்கப் போய், மேளத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. மூன்றாவதில் தொற்றிக்கொண்டேன். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் பட்டுக்கோட்டை வண்டி வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினேன். ஐம்பத்தைந்து வயசுக்காரன் பம்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து டிரைவரே பிரேக் போட்டார்.

ஒரத்தநாடு தாண்டி வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. ரோட்டையே அடைத்துக்கொண்டு, ஆற அமர. அதன் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்தது. அப்போதுதான் அண்ணியோடு பேச முடிந்தது. அண்ணன் குளத்தில் இறங்கிவிட்டார். கலயத்துக்குப் பூவும் வேப்பிலையும் கட்டியாயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வேறு பம்பை செட்டை ஊர்க்காரர்கள் வரவழைத்துவிட்டார்கள். ஒரு தடவை கலயத்தைப் போட்டவன், இப்போது கரகத்தையே நிறுத்திவைக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"கரையேறுங்கன்னா ஏற மாட்டேங்கிறாரு தம்பி" என்றார் அண்ணி. "நீங்க வந்துருவீங்கன்னு மட்டும் சொல்றாரு."

பட்டுக்கோட்டையில் அடுத்த பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் நின்றேன். அதே டீக்கடை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் பஸ் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேங்காய் லோடு

பேராவூரணியில் இறங்கியபோது மினி பஸ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. தேங்காய் ஏற்றிய ஒரு சின்ன லாரி கிளம்பத் தயாராக இருந்தது. டிரைவர் அந்த ஊர் வழியாகத்தான் போகிறாராம். முன்சீட்டில் மூட்டை இருந்தது. பின்னால் ஏறித் தேங்காய்மேல் உட்கார்ந்தேன்.

ஊருக்கு முன்னால் மதகடியில் லாரி நின்றுவிட்டது. திருவிழாவுக்கு வந்த வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. அந்த மதகிலிருந்து குளத்துக்கு ஒரு தோப்பைத் தாண்ட வேண்டும். புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் ஆள் உயரம் தாண்டி அடர்ந்திருந்தன. நடுவில் தப்பிப் பிழைத்த பழைய மரங்கள். குளம் கண்ணில் படவில்லை. இறங்கி ஓடினால் ஐந்து நிமிடம்.

போன் அடித்தது. அண்ணி.

"பொழுது மரத்தத் தொட்டுருச்சுன்னு அந்தச் செட்ட அடிக்கச் சொல்றாங்க தம்பி. எங்க இருக்கீங்க?"

"மதகடியில அண்ணி. இங்கருந்தே அடிக்கறேன். அண்ணனக் காது குடுக்கச் சொல்லுங்க."

போனை மடியில் செருகினேன். தேங்காய்மேல் எழுந்து நின்றேன். காலடியில் காய் உருண்டது. டிரைவர் என்ன நினைத்தாரோ, மேலே ஏறிவந்து என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பம்பையைக் கட்டி அடித்தேன். முதலில் கரகம் எழுப்புகிற அடி. பிறகு நடை. வலது காலுக்கு ஒன்று. இடது காலுக்கு அரை மூச்சு தள்ளி ஒன்று.

காற்று என் முதுகிலிருந்து குளத்தைப் பார்த்து அடித்தது. என் சத்தம் அங்கே போகும். ஆனால் அங்கிருந்து ஒரு சத்தமும் எனக்கு வராது. குலவையும் இல்லை, மணியும் இல்லை. வண்டிகளில் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது உறைத்தது. அண்ணனுக்குக் கேட்டிருந்தால் இந்நேரம் கலயம் தலையேறியிருக்கும். ஏறியிருந்தால் நான் நிறுத்தக் கூடாது. இறங்கி ஓடக் கூடாது. நிறுத்தினால் அவர் கால் எதைப் பிடித்துக்கொள்ளும்? கேட்டிருக்காவிட்டால், ஒரு தேங்காய் லாரிமேல் நின்று தோப்புக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

மடியில் போன் அதிரத் தொடங்கியது. எடுக்க என்னிடம் கை இல்லை. டிரைவரை எடுத்துப் பேசச் சொல்லியிருக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது. அது நின்று நின்று அதிர்ந்தது. எடுத்துவிட்டார் என்கிறார்களா, பொழுது போய்விட்டது என்கிறார்களா? பயத்தில் கை வேகமெடுக்கப் பார்த்தது. வேகமெடுத்தால் இடது கால் தாங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அரை மூச்சைக் காப்பாற்றினேன். வேர்வை கண்ணில் இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி வாசித்தேன் என்று தெரியாது.

தென்னங்கன்றுகளுக்கு மேலே முதலில் தெரிந்தது வேப்பிலைக் கொத்து. அதன் கீழே பூ. ஆளைக் காணவில்லை, கரகம் மட்டும் பச்சைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. என் வலது அடிக்கு நிமிர்ந்து, இடது அடிக்குக் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்து வந்தது.

முதல் பேச்சு

கோயில் வாசலில் கலயம் இறங்கியதும் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணி அத்தனை தடவை போன் செய்தது, எடுத்துட்டாரு, நிறுத்திராதீங்க என்று சொல்லத்தானாம். வேறு செட்டின் பம்பைக்காரர் வந்து, அந்த நொண்டி அடியை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். அப்புறம் காட்டுகிறேன் என்றேன்.

பேசலாம் என்று ஆனபின் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "பஸ்ஸு லேட்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"பஸ்ஸு மேல தப்பில்லண்ணே. நாந்தான் ரெண்டு ஊர ஒத்துக்கிட்டேன். அன்னிக்கும் பஸ்ஸு மேல தப்பில்ல. பட்டுக்கோட்டையில..."

அண்ணன் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்டா. அந்த பஸ்ஸு கண்டக்டரு எங்க ஊரு மாப்பிள்ள. அன்னிக்கே சொல்லிட்டான்."

இத்தனை வருடம். தெரிந்துகொண்டேதான் நீ வந்தால் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் தண்ணீரில் நின்றிருக்கிறார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் அண்ணியைக் கூப்பிட்டார்.

"வசந்தா, தம்பிக்கு ஒரு டீ வாங்கிட்டு வா. உக்காந்து மெதுவா குடிக்கட்டும்."